வெளியேற முடியாதவர்களின் விசுவாசம்

2008 அக்டோபரில் எவர்நோட் என்ற குறிப்பெடுக்கும் செயலியின் நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தது. அமெரிக்க நிதிச் சந்தை சரிந்துகொண்டிருந்த நேரம் அது. வருவதாக இருந்த முதலீடு கடைசி நேரத்தில் கைநழுவிப் போனது. மறுநாள் ஊழியர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு நிறுவனத் தலைவர் ஃபில் லிபின் அதிகாலை மூன்று மணிவாக்கில் தூங்கப் போனார். அப்போது ஸ்வீடனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எவர்நோட்டின் சாதாரணப் பயனர். இந்தச் செயலி தனக்கு எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு முதலீடு ஏதும் தேவைப்படுமா என்று கேட்டிருந்தார். அவர் போட்ட ஐந்து லட்சம் டாலரில் நிறுவனம் பிழைத்தது. லிபின் பல நேர்காணல்களில் சொன்ன கதை இது.

கணினியில் நாம் தினமும் எத்தனையோ மென்பொருள்களைத் தொடுகிறோம். அவற்றில் எதையும் காப்பாற்ற யாரும் நள்ளிரவில் கடிதம் எழுதுவதில்லை. குறிப்பெடுக்கும் செயலிகள் மட்டும் இப்படியொரு பிடிப்பை உண்டாக்குகின்றன. அதே செயலிகள் உண்டாக்கும் கோபமும் வேறெங்கும் காணாத அளவுக்கு இருக்கிறது. 2023 டிசம்பரில் அதே எவர்நோட், பணம் கட்டாத பயனர் இனி 50 குறிப்புகள்வரைதான் எழுதலாம் என்று அறிவித்தபோது கொதித்தவர்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகள் அதிலேயே வாழ்ந்தவர்கள். கொதித்தவர்கள் எல்லோரும் வெளியேறிவிடவும் இல்லை. அவ்வளவு கோபத்தோடு ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

எவர்நோட்டைத் தொடங்கியவர் சோவியத் ஒன்றியத்தில் பிறந்த ஸ்டெபான் பச்சிகோவ். கையெழுத்தைக் கணினிக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில் பெயர் பெற்றவர். 1993இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன் கையடக்கக் கணினியில் இருந்தது அவருடைய பாராகிராஃப் நிறுவனத்தின் தொழில்நுட்பம். மனித நினைவின் போதாமை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எவர்நோட்டின் முதல் வடிவத்தில் கோப்புறைகளுக்கு முக்கியத்துவம் இல்லை. முடிவில்லாத காகிதச் சுருள் போலக் குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். 2007இல் லிபின் தலைமைக்கு வந்தார். 2008 ஜூனில் செயலி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மறதியே இல்லாத விலங்கு என்ற நம்பிக்கையில் யானையைச் சின்னமாக வைத்தார்கள்.

லிபினின் வணிகக் கணக்கு எளிமையானது. செயலி இலவசம். இருக்க இருக்க உங்கள் குறிப்புகள் பெருகும். குறிப்புகள் பெருகப் பெருகச் செயலி உங்களுக்கு இன்னும் அவசியமாகும். ஒருநாள் நீங்களாகவே பணம் கட்டுவீர்கள். சேர்ந்த புதிதில் பணம் கட்டுகிறவர்கள் மிகக் குறைவு என்றும், ஆண்டுகள் கூடக் கூட அந்த விகிதம் ஏறுகிறது என்றும் அவர் வரைபடங்களோடு மேடைகளில் விளக்கினார். விலகிப் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்ததால், பயன்பாட்டில் நீடிப்பவர்களைக் காட்டும் கோடு கீழே இறங்கி மறுபடி மேலே வளைந்தது. பார்க்கச் சிரிக்கும் உதடு போல இருந்த அந்த வரைபடம் சிலிக்கன் பள்ளத்தாக்கில் பிரபலமானது. நூறாண்டு நிலைக்கும் நிறுவனத்தைக் கட்டுவதாகவும் அவர் சொன்னார். உங்கள் தரவு உங்களுடையது, அது பாதுகாப்பாக இருக்கும், அதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்று 2011இல் மூன்று வாக்குறுதிகளையும் கொடுத்தார். அந்த மூன்றாவது வாக்குறுதிதான் இந்தக் கட்டுரையின் மையம்.

வேறு மென்பொருள்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கால்குலேட்டர் செயலி முதல் நாளிலேயே முழுப் பயனையும் தந்துவிடும். குறிப்புச் செயலி முதல் நாளில் வெறும் வெள்ளைத் திரை. அதற்கு மதிப்பு சேர்ப்பது பயனரின் உழைப்பு. அப்படிச் சேர்வது என்ன? எம்ஐடி, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் இதைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். நாட்காட்டியிலும் முகவரிப் புத்தகத்திலும் அடங்காத துணுக்குத் தகவல்களை மனிதர்கள் எங்கே வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. கண்டது இதுதான்: ஒட்டுத்தாளில், காகித ஓரத்தில், தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் மின்னஞ்சலில். முறையான கருவிகள் கேட்கும் நேரத்தைக் கொடுக்க அந்த நொடியில் யாருக்கும் பொறுமை இல்லை. இது எந்த வகை என்று தீர்மானிப்பதற்குள் எண்ணமே பறந்துவிடும்.

அந்தத் துணுக்குகளுக்குக் கிடைத்த முதல் நல்ல வீடு இந்தச் செயலிகள். கேஸ் இணைப்பு எண், அம்மாவின் மருந்துச் சீட்டின் படம், பாதியில் நின்ற கவிதை, வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்ன பிரிவு எண், குழந்தை முதலில் பேசிய சொல். தனித்தனியே பார்த்தால் எதற்கும் பெரிய மதிப்பு கிடையாது. பத்து ஆண்டுகள் சேர்ந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கைத் தடமே அதில் இருக்கிறது. தன் கையால் பொருத்திச் சேர்த்த பொருளை மனிதர்கள் கூடுதலாக மதிக்கிறார்கள் என்று நார்ட்டன், மோச்சோன், ஏரியலி ஆகியோர் 2012இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள். அட்டைப் பெட்டியைப் பொருத்திச் சேர்த்தவர்களிடமே அந்தப் பற்று உண்டாயிற்று என்றால், பத்து ஆண்டுகள் தன் குறிப்புகளைச் சேர்த்தவரிடம் எவ்வளவு இருக்கும்? பயனர் விசுவாசம் என்று நிறுவனங்கள் பெருமையோடு எண்ணிக் காட்டுவதில் பெரும்பகுதி பயனர் தன் சொந்தக் கடந்த காலத்தின் மேல் வைத்திருக்கும் பற்று என்பதே என் முடிவு. வாடகை வீட்டுக் கொல்லையில் நட்ட மாமரம் காய்க்கத் தொடங்கிய பிறகு வாடகைதாரர் காலி செய்யத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை வீட்டுக்காரர் தன் வீட்டின் சிறப்பாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

எவர்நோட்டின் சரிவு இந்தத் தவறான கணக்கிலிருந்தே தொடங்கியது. 2011 இறுதியிலிருந்து நிறுவனம் எல்லாத் திசையிலும் கிளை விட்டது. சாப்பாட்டுப் படங்களுக்கு ஒரு செயலி, சந்தித்த மனிதர்களை நினைவில் வைக்க ஒரு செயலி, மோல்ஸ்கின் நிறுவனத்தோடு சேர்ந்து காகிதக் குறிப்பேடு. 2013இல் பைகளும் காலுறைகளும் விற்கும் கடையையும் திறந்தார்கள். பயனர்கள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. கைபேசியில் எழுதியது கணினியில் சரியாக வந்து சேர வேண்டும். ஒரே குறிப்பு இரண்டு பிரதிகளாக முரண்பட்டு நிற்கக் கூடாது. தேடினால் கிடைக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் ஊடுருவல் நடந்து ஏறத்தாழ 5 கோடிப் பயனர்களின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்தது. 2014 ஜனவரியில் தொழில்நுட்பச் செய்தியாளராக இருந்த ஜேசன் கின்கெய்ட், தான் பதிவுசெய்த ஒலிக்குறிப்பு ஒன்று சிதைந்துபோனதைப் பற்றியும், செயலி முழுவதும் பிழைகள் மலிந்திருப்பது பற்றியும் கடுமையாக எழுதினார். அவர் எவர்நோட்டின் எதிரி அல்ல. ஆண்டுக்கணக்காக எல்லாவற்றையும் அதில் கொட்டி வைத்திருந்த பக்தர். லிபின் மறுக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் நிலைத்தன்மைக்கே முதலிடம் என்று உடனே வெளிப்படையாகப் பதில் எழுதினார்.

நினைவைப் பாதுகாப்பேன் என்று சொன்ன கருவி ஒரு குறிப்பை இழப்பதும், விளையாட்டுச் செயலி நடுவில் நின்றுவிடுவதும் ஒன்றாகாது. தேடும்போதுதான் தொலைந்தது தெரியும். ஒன்று தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து மற்ற எல்லாக் குறிப்புகளின் மேலும் சந்தேகம் விழுந்துவிடுகிறது.

2015இல் லிபின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கூகுளிலிருந்து வந்த கிறிஸ் ஓநீல் பொறுப்பேற்றார். ஊழியர்கள் குறைக்கப்பட்டார்கள். 2016 ஜூனில் இலவசக் கணக்கு இரண்டு கருவிகளுக்குள் சுருக்கப்பட்டது. பிரீமியம் சந்தா ஆண்டுக்கு சுமார் 50 டாலரிலிருந்து 70 டாலரானது. அதே ஆண்டு மார்ச்சில்தான் மைக்ரோசாஃப்ட் எவர்நோட் குறிப்புகளைத் தன் ஒன்நோட் செயலிக்கு மாற்றும் கருவியை வெளியிட்டிருந்தது. ஆப்பிளும் தன் நோட்ஸ் செயலியில் எவர்நோட் கோப்புகளை ஏற்கத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது: இயந்திரக் கற்றலை மேம்படுத்த ஊழியர்கள் சிலர் பயனர்களின் குறிப்புகளைப் படிக்க நேரலாம். இரண்டே நாளில் எழுந்த எதிர்ப்பில் நிறுவனம் பின்வாங்கி மன்னிப்புக் கேட்டது.

2016 டிசம்பரில் குரலுக்குப் பணிந்த நிறுவனம் 2023இல் ஏன் பணியவில்லை? இதைப் புரிந்துகொள்ள ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் எழுதிய சிறிய நூல் எனக்கு மிகவும் உதவியது. நிறுவனம் தரம் தாழும்போது மனிதர்கள் வெளியேறுகிறார்கள், அல்லது குரல் எழுப்புகிறார்கள். விசுவாசம் இந்த இரண்டின் விகிதத்தையும் மாற்றுகிறது என்பது அவர் வாதம். அவருக்கு அந்தச் சிந்தனையைத் தந்தது நைஜீரிய ரயில்வே. லாரிப் போட்டி வந்தும் அரசு ரயில் ஏன் திருந்தவில்லை? தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டு, உரக்கக் குறை சொல்லியிருக்கக் கூடிய வாடிக்கையாளர்கள் முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். மீதமிருந்தவர்களின் குரலுக்கு வலு இல்லை. குரலுக்கு வலுவைத் தருவது, கேட்கவில்லையென்றால் போய்விடுவேன் என்ற சாத்தியம் என்றும் ஹிர்ஷ்மன் சொன்னார்.

எவர்நோட்டில் நடந்தது இதுவே. 2016இல் கூச்சலிட்டவர்கள் கதவருகே நின்றவர்கள். பத்திரிகையாளர்கள், நிரலாளர்கள், ஆய்வாளர்கள். மாற்றுச் செயலிகள் அவர்களை வரவேற்றன. 2020இல் எவர்நோட் தன் செயலியை அடியிலிருந்து புதிதாக எழுதி வெளியிட்டது. புதிய செயலி மெதுவாக இயங்கியது. சர்வருக்குப் போகாமல் சொந்தக் கணினியில் மட்டும் வைத்திருக்கும் குறிப்பேடு வசதி காணாமல் போனது. நுணுக்கமாகப் பயன்படுத்திய இன்னொரு கூட்டமும் அப்போது கிளம்பியது. 2022 நவம்பரில் மிலானைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் எவர்நோட்டை வாங்குவதாக அறிவித்தபோது எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் அதிகக் குறிப்புகளும் குறைந்த தொழில்நுட்பத் தெம்பும் உடையவர்கள் என்றே நான் கணிக்கிறேன்.

2023இல் அமெரிக்க, சிலி ஊழியர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் தனிநபர் சந்தா ஆண்டுக்கு ஏறத்தாழ 130 டாலர் ஆனது. டிசம்பரில் 50 குறிப்பு வரம்பு வந்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்களின் பழைய குறிப்புகள் அழிக்கப்படவில்லை. அவற்றைப் படிக்கலாம், திருத்தலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக ஒன்றை மட்டும் சேர்க்க முடியாது. பெண்டிங் ஸ்பூன்ஸ் அடுத்த ஆண்டு மீட்அப், வீடிரான்ஸ்ஃபர் ஆகிய இணையச் சேவைகளையும் வாங்கியது. பழகிப்போன பயனர் கூட்டம் உள்ள பழைய சேவையை வாங்கு, செலவைக் குறை, விலையை ஏற்று என்ற வழியை அது மறைக்கவில்லை. நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நொண்டிய ஒத்திசைவு புதிய உரிமையாளரின் கையில் தேறியது. ஒரு கருவியில் தட்டியது மறு கருவியில் உடனே தெரிகிறது. இலவசமாகவே என்றென்றும் சர்வர் ஓட்ட யாராலும் முடியாது என்பதும் உண்மை. விலை ஏறியது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. போக முடியாதவர்கள் யார் என்று தெரிந்து அவர்கள் மேல் ஏற்றப்பட்டது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எடுத்துச் செல்லலாம் என்ற வாக்குறுதி என்ன ஆயிற்று? எவர்நோட் அதை இன்றுவரை விட்டுவிடவில்லை. குறிப்புகளைத் தனக்கென்று உள்ள ஒரு கோப்பு வடிவத்தில் வெளியே தருகிறது. எழுத்து வரும், படம் வரும், எழுதிய தேதி வரும், ஒட்டிய குறிச்சொல்லும் வரும். எந்தக் குறிப்பேட்டில் இருந்தது என்பது அந்தக் கோப்புக்குள் இருக்காது. ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போட்ட இணைப்புகள் புதிய வீட்டில் பெரும்பாலும் திறக்காது. குறிப்புகள் வந்துவிடுகின்றன, அவற்றுக்கிடையே பல ஆண்டுகளாகப் பின்னிய உறவுகள் வருவதில்லை. நோஷன் என்ற குறிப்புச் செயலியில் அழகாகக் கட்டிய தரவுத்தளங்களும் வெளியே வரும்போது வெறும் அட்டவணைக் கோப்புகளாகச் சுருங்குகின்றன. இதில் ஆப்பிளின் கதை இன்னும் தெளிவானது. பிறருடைய குறிப்புகள் தன்னிடம் வர 2016லேயே வழி செய்த நிறுவனம், தன்னிடமுள்ள குறிப்பு மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் வெளியே போக வழி செய்தது 2025இல். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. இரண்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. சிலர் ஒரு காதலிலிருந்து இன்னொரு காதலுக்குப் போனார்கள். 2020இல் ரோம் ரிசர்ச் என்ற செயலி, குறிப்புகளை இருபுறமும் இணைக்கும் வசதியால் பெரும் ஆர்வத்தைக் கிளப்பியது. மாதம் 15 டாலர். ஐந்தாண்டுக்கு மொத்தமாக 500 டாலர் கட்டுகிறவர்களுக்கு நம்பிக்கையாளர் என்றே பெயர். பயனர்கள் தங்களை ஒரு வழிபாட்டுக் குழுவாகவே அழைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 காகிதச் சீட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து உழைத்த முறை அவர்களுக்கு முன்மாதிரி. 1998இல் இறந்த லூமானின் சீட்டுப் பெட்டிகளை 2011இல் பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் வாங்கியது. எந்தச் செயலியின் தயவும் இல்லாமல் அவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ரோம் தந்ததைப் போன்ற வசதி இலவசமாகவும் கிடைக்கத் தொடங்கியதும் ஆர்வலர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள்.

அப்படி அவர்கள் போன இடங்களில் ஒன்று ஆப்சிடியன். ஷிடா லீ, எரிகா ஷூ என்ற இருவர் 2020 ஊரடங்குக் காலத்தில் தொடங்கியது. குறிப்புகள் உங்கள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். 2004இல் ஜான் க்ரூபர் உருவாக்கிய மார்க்டவுன் குறியீட்டு முறையில் இருக்கும் அவற்றை எந்த எடிட்டரிலும் திறக்கலாம். ஆப்சிடியன் நாளை மூடப்பட்டாலும் கோப்புகள் அப்படியே கிடக்கும். 2023இல் நிறுவனத் தலைவரான ஸ்டெஃப் ஆங்கோ, செயலியைவிடக் கோப்பே முக்கியம் என்ற கருத்தை வலியுறுத்தி எழுதினார். அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு நிம்மதியைப் பார்க்கிறேன். எப்போதும் போய்விடலாம் என்பதால் போக வேண்டும் என்று தோன்றுவதில்லை. விசுவாசம் என்ற சொல்லுக்கு உரிய மரியாதை அங்கேதான் கிடைக்கிறது.

ஆனாலும் எல்லோரையும் அங்கே அனுப்பிவிட முடியாது. சொந்தக் கோப்பு என்றால் பேக்கப்பும் சொந்தப் பொறுப்பு. வன்தட்டு பழுதாகி எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு எவர்நோட் போன்ற சேவைகள்தான் முதல் முறையாகப் பாதுகாப்பு தந்தன. கைபேசி தொலைந்தாலும் குறிப்பு தொலையாது என்ற உறுதி சிறிய விஷயம் அல்ல. ஒத்திசைவு அமைப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சரிசெய்ய முடிந்தவர்களுக்கு மட்டும் சுதந்திரம் என்றால் அது போதாத சுதந்திரம்.

கோப்பு நம் கையில் இருப்பது மட்டும் போதாது என்பதற்குத் தமிழில் ஒரு பெரிய அனுபவம் இருக்கிறது. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். கதைகளும் ஆய்வேடுகளும் ஊர் வரலாறுகளும் அப்படித் தட்டச்சாகின. எல்லாம் எழுதியவரின் சொந்தக் கணினியில், சொந்தத் தட்டில். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பை. டாம், டாப் என்ற குறியாக்கத் தரங்கள் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தன. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கம் புழங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அதற்குள் எத்தனையோ எழுத்துகள் மாற்றிகளின் வழியே அரைகுறையாக மீண்டன. சில மீளவே இல்லை. பூட்டு சர்வரில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, வடிவத்திலும் இருக்கலாம் என்பதைத் தமிழ் எழுத்தாளர்கள் முன்பே விலை கொடுத்துக் கற்றார்கள். அதனால் இந்தப் பிரச்சினையை அமெரிக்கப் பயனர்களின் செல்லச் சண்டையாகப் பார்த்து ஒதுக்க என்னால் முடியவில்லை.

வெளியேறும் வழியை நிறுவனத்தின் நல்லெண்ணத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுதிய இடம் ஐரோப்பா. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள அதன் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20ஆவது பிரிவு, நீங்கள் கொடுத்த தரவை, பரவலாகப் பயன்படும், கணினி படிக்கக் கூடிய வடிவத்தில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. இந்தியாவில் 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் அந்த உரிமை இருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. விடுபட்ட அந்த ஒரு பிரிவைத் திரும்பச் சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டும். சட்டத்தில் இருப்பவை, நம் தரவைப் பற்றிய சுருக்கத்தைக் கேட்பது, திருத்தச் சொல்வது, அழிக்கச் சொல்வது, குறைகளை முறையிடுவது, நம் இறப்புக்குப் பிறகு இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நாமினியாக நியமிப்பது. அம்மா இருபது ஆண்டுகளாக ஒரு செயலியில் எழுதி வைத்த குறிப்புகளை அழிக்கச் சொல்ல, நாமினியான மகளுக்கு இந்தச் சட்டம் உரிமை தருகிறது. அவற்றை எடுத்துக்கொண்டு போக உரிமை தரவில்லை.